முகாம் பையை அம்மா கட்டக் கூடாது

பிள்ளைகளை முதல்முறை முகாமுக்கு அழைத்துப் போகும் சாரண ஆசிரியருக்கு, முதலுதவிப் பெட்டியை மறக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. அது சுற்றறிக்கையிலேயே இருக்கும். அதில் எழுதாத, வருஷா வருஷம் பள்ளிக்குப் பள்ளி அப்படியே நடக்கிற தவறுகள் இவை.

பையைப் பெற்றோரிடம் விட்டுவிடுவது

பொருள் பட்டியலைப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். எத்தனை பயிற்சியில் சொன்னாலும் மாறாத தவறு இதுதான். பட்டியலைப் பார்த்த அம்மா, முந்தின இரவு பிள்ளை தூங்கியபின், இஸ்திரி போட்ட துணியை அழகாக அடுக்கி ஜிப்பை இழுத்து மூடிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று சுமப்பவனுக்குத் தெரியாது.

மறுநாள் ஏற்காட்டில் இருட்டியதும், "எனக்கு டார்ச் வைக்கலை சார்" என்று ஆறாம் வகுப்புப் பையன் வந்து நிற்பான். டார்ச் இருக்கும், அடியில், போர்வை மடிப்புக்குள். அதைத் தேட மொத்தப் பையையும் பனி இறங்கிய புல்லில் கொட்டுவான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிரும். ஈரத் துணியோடு படுத்தவன் நடுராத்திரியில் நடுங்க ஆரம்பித்தால், அந்த அணியில் எட்டுப் பேருக்கும் தூக்கம் போச்சு. திரும்பும் நாளில் அடுத்த கூத்து: அம்மா மடித்த மாதிரி மடிக்க வராது, பை மூடாது. கொடியில் தொங்கும் ஜட்டியைக் காட்டி யாருடையது என்று கேட்டால், உரியவனே "என்னோடதில்லை" என்பான். அவன் அதைப் பார்த்ததே இல்லை!

செய்ய வேண்டியது இது. முகாமுக்கு ஒரு வாரம் முன்பு, பொருட்களை ஒரு கட்டைப்பையில் போட்டு, முதுகுப்பையைக் காலியாகப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுத வேண்டும். பைக்குள் முதலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை விரிக்க வேண்டும், மழைக்கு அதுதான் காப்பு. பையின் துணியை நம்ப முடியாது. ஒரு நாளைக்கு ஒரு கவர் என்று உடுப்பைச் சுருட்டி, காற்றைப் பிதுக்கிக் கட்ட வேண்டும். இரவு உடை ஒரு செட் தனிக் கவரில். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. போர்வை அடியில், கனமானவை நடுவில் முதுகை ஒட்டி, மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, டார்ச் வெளிப் பாக்கெட்டில்.

பிறகு ஸ்கார்ஃபால் கண்ணைக் கட்டி, டார்ச்சையும் மழைக்கோட்டையும் ஒரு நிமிடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். முடியாதவன் கொட்டிவிட்டு மறுபடி அடுக்கட்டும். மூன்று முறை செய்தால் கை பழகிவிடும்.

எடை மெஷினில் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை ஏற்றிக் கழித்துப் பாருங்கள். 40 கிலோ பையனுக்கு 6 கிலோ, மிஞ்சினால் 8. இரண்டு லிட்டர் தண்ணீரே 2 கிலோ என்பதை நினைவில் வையுங்கள். அதிகமானால் எதை எடுப்பது என்று அவனே முடிவு செய்யட்டும். பெரும்பாலும் முறுக்கு டப்பா தங்கிவிடும், இரண்டாவது ஜீன்ஸ் வெளியேறும். ஜீன்ஸ் காயவே காயாது, போனால் போகட்டும்.

கட்டிய பை வீட்டுக்குப் போகும்போது பெற்றோருக்கு ஒரே வரி: பல் துலக்கும் பிரஷ் தவிர எதையும் சேர்க்காதீர்கள், எடுக்காதீர்கள்.

புதுக் காலணி

வேண்டாம்.

சமையலை அங்கே போய்ப் பழகலாம் என்பது

எட்டுப் பேர் அணிக்கு ஒரு வேளைக்கு ஒரு கிலோ அரிசி போதும். அளவில் யாரும் அதிகம் தவறுவதில்லை, நேரத்தில்தான் தவறுகிறார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே முக்கால் மணியில் வெந்த துவரம்பருப்பு அங்கே திறந்த பாத்திரத்தில் அடம்பிடிக்கும். ஒரு மணி நேரம் ஊற வையுங்கள், அல்லது பாசிப்பருப்புக்கு மாறுங்கள். அதே பாத்திரம், அதே விறகு, அதே சமையலைப் பள்ளி மைதானத்தில் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். விறகை மூன்று தினுசாகப் பிரித்த பிறகே தீ வைக்கட்டும்: தீக்குச்சித் தடிமன், பென்சில் தடிமன், பெருவிரல் தடிமன். பெருவிரலில் ஆரம்பிக்கிற அணிக்கு ராத்திரி பத்து மணிக்குத்தான் சாப்பாடு.

கூடார முளை

முளையின் தலை கூடாரத்தைவிட்டு விலகிச் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்தால் காற்று பிடுங்கிவிடும். பருத்திக் கயிறானால் படுக்கப் போகுமுன் கொஞ்சம் தளர்த்துங்கள். நனைந்தால் அது சுருங்கும். விறைப்பாகக் கட்டியிருந்தால் முளை எழும்பும் அல்லது துணி கிழியும்.

தினமும் வீட்டுக்குப் போன்

கூடாது. விளையாடிக்கொண்டிருந்தவனும் அம்மா குரலைக் கேட்டதும் அழுவான்.

வயிற்று வலி

மாத்திரை தேடுமுன், "வெளிக்குப் போனியா?" என்று கேளுங்கள். கழிப்பறை பிடிக்காமல் இரண்டு நாள் அடக்கியிருப்பான்.

படுக்கையில் போகிறவன்

பத்து, பதினொரு வயதில் இது இருக்கத்தான் செய்யும். பெற்றோர் தாமாகச் சொல்ல மாட்டார்கள். படிவத்தில் கேட்காமல், தனியே விசாரியுங்கள். இருட்டியபின் தண்ணீர் குறைவாகக் கொடுத்து, கூடாரத்தின் வாசல் பக்கம் படுக்க வைத்து, நீங்கள் படுக்கப் போகும்போது சத்தமில்லாமல் எழுப்பிக் கூட்டிப் போங்கள். அப்படியும் நனைத்துவிட்டால், காலையில் அணியின் எல்லாப் போர்வைகளையும் சேர்த்து வெயிலில் போடச் சொல்லுங்கள்.