தருமபுரியிலிருந்து ஒகேனக்கல்: இரண்டு ஸ்கூட்டர், இரண்டு நண்பர்கள், ஒரு பகல்

ஒகேனக்கல்லுக்குப் பஸ்ஸில் போய் வந்தவர்கள் ஏராளம். ஆனால் பென்னாகரத்தைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் இறங்கத் தொடங்கும் அந்த அரை மணி நேரத்தை ஸ்கூட்டரில் அனுபவிப்பதே தனி. புதிதாக ஓட்டக் கற்றவர்களும் போகலாம். இறக்கத்தில் பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும் முன்பே நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. முதல் நாள் மாலை

டயர் காற்று, பிரேக், பெட்ரோல் மூன்றையும் பாருங்கள். காற்றின் அளவை வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளபடி வையுங்கள். பிரேக் லிவர் கைப்பிடி வரை தளர்ந்து வந்தால், மெக்கானிக்கிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள். போக வர நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தருமபுரியிலேயே டேங்கை நிரப்பிவிட்டால் திரும்பும் வரை கவலையில்லை.

2. காலையில் செய்தி பாருங்கள்

காவிரியின் நீர்வரத்தைத் தமிழக-கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். வினாடிக்கு எத்தனை கன அடி என்பது அன்றாடம் செய்தியில் வரும். வரத்து மிகுந்தால் பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். அப்படியானால் பயணத்தை வேறு நாளுக்குத் தள்ளிவையுங்கள். செந்நிறமாகப் புரளும் ஆற்றைத் தூரத்தில் நின்று பார்ப்பதே போதும் என்றால் போகலாம்.

3. யார் முன்னால்?

ஓட்டிப் பழகாதவரே முன்னால் போகட்டும். அனுபவசாலி முன்னால் போனால், பின்னால் வருபவர் அவரைப் பிடிக்கும் பதற்றத்தில் தன் வேகத்தை மறந்துவிடுவார். பின்னால் வருபவர் ஹெட்லைட்டை இருமுறை மின்னவிட்டால், அடுத்த அகலமான ஓரத்தில் நிற்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தின் பட்டையை இருவரும் மாட்டிவிட்டீர்களா என்று ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்லுங்கள்.

4. பென்னாகரம் வரை

ஏழு மணிக்குள் புறப்படுங்கள். இண்டூர் வழியாகச் சாலை எளிது. இருபுறமும் கேழ்வரகு, மரவள்ளி, தென்னை. பென்னாகரத்தில் டிபன் முடித்துவிடுங்கள்; கீழே போன பிறகு பசியோடு கடை தேடுவது அலைச்சல்.

5. மலை இறக்கம்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் மிகவும் குறைந்ததும் கிளட்ச் தானாக விடுபட்டு, இன்ஜினின் பிடி இல்லாமல் வண்டி உருளத் தொடங்கும். அதன்பின் முழுப் பாரமும் பிரேக்குக்குத்தான். வழி நெடுக லிவரை லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும். எனவே வளைவுக்கு முன்னதாகவே, நேரான பகுதியில், முன் பின் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். குறைந்ததும் லிவரை விட்டுவிடுங்கள். வளைவின் நடுவில் முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடிப்பது ஆபத்து, அதுவும் ஓரத்தில் மணல் கிடந்தால் சக்கரம் வழுக்கிவிடும்.

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேலேறி வரும் பஸ் வளைவை முழுதாக எடுத்துக்கொள்ளும். ஏறுகிற வண்டிக்கே முதல் வழி. இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்.

இது யானைகள் நடமாடும் காடு. படம் எடுக்க வளைவில் நிற்காதீர்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள், பையைத் திறந்தும் வைக்காதீர்கள்.

6. ஆற்றங்கரையில்

பரிசலுக்கு உரிய இடத்தில் டிக்கெட் வாங்கி, உயிர்காக்கும் உடுப்பை அணிந்தே ஏறுங்கள். பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசல் நுழையும்போது அருவிச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்காது. கரையில் மீன் வாங்கிக் கொடுத்தால் குழம்பும் வறுவலும் செய்து தரும் பெண்கள் இருக்கிறார்கள். குளிக்கப் போகும் முன்பே கொடுத்துவிட்டால், திரும்பும்போது சாப்பாடு தயாராக இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு வரும் கூட்டுக் குடிநீரும் இந்த ஆற்றிலிருந்து மேலேற்றப்படுவதுதான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த நம் ஊர்களுக்கு இந்த ஆறு எவ்வளவு முக்கியம் என்பதைக் கரையில் நின்று பார்த்தால் புரியும். பிளாஸ்டிக் குப்பையை அங்கே போட மனம் வராது.

7. திரும்புதல்

மூன்றரை மணிக்குக் கிளம்பிவிடுங்கள். இருட்டுவதற்கு முன் காட்டைக் கடந்தாக வேண்டும். ஏற்றத்தில் வண்டி திணறினால் ஆக்சிலரேட்டரை முறுக்கி வதைக்க வேண்டாம், மெல்லவே ஏறட்டும். பென்னாகரத்தில் தேநீர் குடித்துப் பத்து நிமிடம் இளைப்பாறுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து வருபவர்கள் பாலக்கோடு, பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் வரலாம். தூரம் கூடுவதால் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட வேண்டும். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-இல் மறைந்த ஊர் பாப்பாரப்பட்டி. அவருடைய நினைவிடம் அங்கே இருக்கிறது. போகும்போதே பார்த்துவிடுங்கள், மாலையில் அதற்கு நேரம் கிடைக்காது.