மாடி வைஃபை சரியானது இப்படித்தான்

மாடியில் மாட்டியிருந்த ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) 10 நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாகிக்கொண்டே இருந்தது. அட்மின் பாஸ்வேர்டும் நினைவில்லை. பவர் ஓடும்போதே ஊக்கு முனையால் ரீசெட் துளையை 10 விநாடி அழுத்தினேன். விளக்குகள் ஒன்றாக மின்னியதும் விட்டேன். அப்புறம் லேன் கேபிளைச் செருகி, லேப்டாப்புக்கு 192.168.1.10 என்று ஐபியை (நெட்வொர்க் முகவரியை) கையால் கொடுத்த பிறகுதான் உள்ளே நுழைய முடிந்தது.

ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் உள் மென்பொருள்) இறக்கும் முன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். என்னுடையதில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘வி2’ என்றிருந்தது, அதாவது அந்த மாடலின் இரண்டாம் பதிப்பு. வி1 கோப்பை ஏற்றியிருந்தால் பெட்டியே செத்திருக்கலாம். வைஃபை வழியாக ஏற்றவே வேண்டாம், கேபிள்தான். நடுவில் கரண்ட் போய்விடக் கூடாதென்று யுபிஎஸ்ஸில் செருகினேன். 4 நிமிடத்தில் பச்சை விளக்கு நிலைத்தது. மறுபடி ஒரு ரீசெட், புது பாஸ்வேர்டு. நேற்று மகளின் ஆன்லைன் வகுப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை.