‘பிறகு’ என்று தள்ளிவைக்கும் முன்

திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும் புதுப்பிப்பு அறிவிப்பைப் பலரும் தொந்தரவாகவே கருதுகிறோம். ஆனால் 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய மென்பொருள் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. சிக்கியவற்றில் பெரும்பாலானவை அதை நிறுவாமல் விட்ட கணினிகளே.

விண்டோஸில் ‘செட்டிங்ஸ்’ சென்று ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தைத் திறந்து, புதிய திருத்தங்கள் காத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவிறக்கம் முடிந்ததுமே வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். பல திருத்தங்கள் கணினியை ரீஸ்டார்ட் செய்த பிறகே நடைமுறைக்கு வருகின்றன, மடிக்கணினியின் மூடியைச் சாத்திவைப்பது வெறும் உறக்கம்தான்.

ஆன்டிவைரஸைத் திறந்து, கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதியையும் பாருங்கள். அது சில வாரங்கள் பழையது என்றால், சந்தா முடிந்திருக்கலாம். அந்த நிலையில் புதிதாகப் பரவும் வைரஸ்களை அடையாளம் காண அதனால் பெரும்பாலும் இயலாது. பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று நம்பி இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒருசேர இயக்குவது, என் பார்வையில், வீண் வேலை; ஒன்றின் பணியில் மற்றொன்று குறுக்கிட்டு, கணினிதான் மந்தமாகும்.

இணையப் பக்கத்தில் திடீரென முளைத்து ‘உடனே புதுப்பியுங்கள்’ என்று மிரட்டும் பெட்டியை மட்டும் அழுத்தாமல், அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள்.