பழைய மொரிஸுக்கு எந்தப் பிளைவீல்: பாரமானதா, பாரம் குறைந்ததா?

என்ஜினின் பின்பக்கத்தில் அதோடு சேர்ந்து சுழலும் கனமான இரும்புச் சக்கரம்தான் பிளைவீல், கிளச் உட்காருவது அதில்தான். "அண்ணை, பிளைவீலைக் கடைந்து பாரத்தைக் குறைச்சு விடுங்கோ, கார் பறக்கும்" என்று வருகிற தம்பிமாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காரை எங்கே ஓட்டுகிறீர்கள்? உப்புவெளியிலிருந்து திருகோணமலை டவுனுக்கா, கந்தளாய் தாண்டி ஹபரணைக்கா, அல்லது கோணேசர் கோயிலுக்கு அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டா? பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பாரத்தைக் குறைத்தால் என்ஜினின் பலம் கூடிவிடாது. வேகமெடுக்கும் நேரத்தில் என்ஜின் தன் பலத்தில் ஒரு பங்கைப் பிளைவீலைச் சுழற்றவே செலவழிக்கிறது. பாரம் குறைந்தால் அந்தச் செலவு குறையும், அவ்வளவுதான். உச்ச வேகம் அப்படியேதான் இருக்கும். ஒரே வேகத்தில் ஓடும்போது பெற்றோல் செலவும் அப்படியே.

எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1098 சிசி மொரிஸ் மைனரில் முதல் கியரின் விகிதம் 3.63, டிஃப்பரன்ஷியலின் விகிதம் 4.22, டயரின் ஆரம் ஏறக்குறைய 29 சென்ரிமீற்றர். பிளைவீலின் மையத்திலிருந்து 12 சென்ரிமீற்றர் தள்ளி, விளிம்பில் 2 கிலோ இரும்பைக் கடைந்து எடுத்தால், முதல் கியரில் காரிலிருந்து 80 கிலோ இறக்கியதற்குச் சமம். இரண்டாம் கியரில் 29 கிலோ, மூன்றாவதில் 12, நாலாவதில் வெறும் 6. கார் முக்கால் தொன் என்பதை நினைத்துப் பாருங்கள். முதல் கியரில் அது நல்ல வித்தியாசம்தான், ஆனால் முதல் கியரில் எவ்வளவு தூரம் ஓடப்போகிறீர்கள்? ஹபரணை றோட்டில் முழுநேரமும் நாலாம் கியர். அங்கே லாபம் ஒரு பை அரிசி.

அதே 2 கிலோவை மையத்திலிருந்து 6 சென்ரிமீற்றரில் எடுத்தால் பலன் கால்வாசிதான். ஆகவே "எத்தனை கிலோ குறைச்சது?" என்ற கேள்வியை விட "எங்கே குறைச்சது?" என்பதுதான் சரியான கேள்வி. தராசில் மட்டும் நிறுத்துக் காட்டுகிறவரிடம் பிளைவீல் வாங்காதீர்கள்.

இனிப் பாரமான பிளைவீலின் பக்கம். கிண்ணியாப் பக்கம் வயலில் ஓடும் லேண்ட்மாஸ்டர் கைட்ராக்டரைப் பாருங்கள், ஒற்றைச் சிலிண்டர், பெரிய பிளைவீல். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் என்ஜினை இழுத்துக்கொண்டு போவது அந்தச் சக்கரம்தான். நாலு சிலிண்டரில் அரைச் சுற்றுக்கு ஒரு வெடி இருப்பதால் தேவை குறைவு. ஆனாலும் கார் நிற்க என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் அதன் அருமை தெரியும். பிளைவீலில் சேர்ந்திருக்கும் சக்தி சுற்றின் வர்க்கப்படி ஏறும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் இருப்பது 1000 சுற்றில் ஒன்பதில் ஒரு பங்கு. கிளச்சை விட்டுக் காரை எடுக்கும் இடத்தில் கையிருப்பே குறைவு, அதிலும் பாரத்தைக் கடைந்து எடுத்தால் என்ஜின் சட்டென்று நின்றுவிடும்.

பிரெட்றிக் கோட்டை வாசலால் உள்ளே போய்க் கோயில் பக்கம் ஏறும்போது இது வடிவாகத் தெரியும். முன்னால் சனம், குறுக்கே மான், நாலு பேர் காருக்குள். நின்று நின்று எடுக்கவேண்டும். பாரமான பிளைவீல் என்றால் அரை அக்சிலேற்றரில் மெதுவாக ஏறிவிடும். பாரம் குறைந்தது என்றால் ஒவ்வொரு முறையும் என்ஜினை உறும வைத்து, கிளச்சை வழுக்க விட்டு எடுக்கவேண்டும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பும் குறைவு, கிளச் பிளேட் சீக்கிரம் கருகும்.

என் தீர்ப்பு இது. என்ஜின் கம்பெனி விட்டபடியே இருந்து, ஊருக்குள் ஓடுகிற கார் என்றால் பிளைவீலைத் தொடவேண்டாம். கேம்சாஃப்ற், காபறேற்றர் மாற்றி, உயர்ந்த சுற்றில் கியர் மாற்றி மாற்றி ஓட்டுகிறவருக்கு விளிம்பில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைப்பது நல்லது. என்ஜின் சுற்று டக்கென்று இறங்குவதால் மேல் கியர் போடக் காத்திருக்கத் தேவையில்லை. கை மெதுவானவருக்கு அதுவே தொல்லை, சுற்று கீழே விழுந்து கார் குலுங்கும். அதற்கும் மேலே போகிற ஆசை ரேஸ் ஓடுகிறவருக்கு மட்டும் இருக்கட்டும். அவர் பழைய வார்ப்பிரும்பை மெலிதாக்காமல், உருக்கில் செய்த புதிய பிளைவீலை வாங்கட்டும்.

வார்ப்பிரும்பு இழுவிசையில் பலவீனமானது. மையத்துக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட தட்டை மெலிதாக்கினாலோ, அதில் ஓட்டை போட்டாலோ, உயர்ந்த சுற்றில் வெடித்துச் சிதறலாம். அது சுழல்வது உங்கள் காலடிக்குப் பக்கத்தில், நடுவில் இருப்பது மெல்லிய தகரம். கடைவதென்றால் என்ஜின் பக்கத்து விளிம்பில் மட்டும், கிளச் பிளேட் உரசும் முகத்தின் தடிப்பைக் குறைக்காமல்.

லேத்தில் ஏற்றுமுன் பிளைவீலில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணெண்ணெய் பூசிச் சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைத் தூவினால் வெடிப்புக்குள் போன எண்ணெய் கசிந்து மயிர்க்கோடாகத் தெரியும். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விசேடமாகப் பார்க்கவும். பிளைவீலின் விளிம்பில் ஸ்டார்ட்டர் பிடித்துச் சுழற்றும் பல்லையும் கவனியுங்கள். நாலு சிலிண்டர் என்ஜின் நிறுத்தும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும், அதனால் அந்த இரண்டு இடத்தில்தான் பல் தேய்ந்திருக்கும். பல் வளையத்தைச் சூடாக்கிக் கழற்றிக் கால் சுற்றுத் திருப்பிப் போட்டால் இன்னும் பல காலம் ஓடும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பிளைவீல் வாங்குகிறவர்கள் உங்கள் என்ஜின் எது என்று பார்த்துக்கொண்டு போங்கள். 948 சிசிக்குக் கிளச் ஆறேகால் அங்குலம், 1098க்கு ஏழேகால். கடற்கரை வீட்டில் மாரி முழுக்க நின்ற காரில் பிளைவீலின் முகம் துருப்பிடித்துக் கிளச் பிளேட் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதற்குப் பிளைவீல் மாற்றத் தேவையில்லை, முகத்தைச் சுத்தமாக்கினால் போதும்.

கடைந்த பிறகு பாலன்ஸ் பண்ணாமல் பூட்டவே கூடாது, கிளச் கவரோடு சேர்த்துப் பண்ணினால் இன்னும் நல்லது. பூட்டும்போது கிராங்கின் முகத்தில் ஒரு துளி இரும்புத்தூள் இருந்தாலும் பிளைவீல் கோணலாக உட்கார்ந்து கிளச் அதிரும், விரலால் தடவிப் பாருங்கள். லொக் தகடு புதிது போடுங்கள், போல்ட்டை மனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கி, கோணல் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பாரம் குறைத்திருந்தால் கார் வெளியே போகுமுன் ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றி விடுங்கள்.