பெட்பானைப் பார்க்காமல் சார்ட்டில் எழுதாதீர்கள்

நர்சிங் தேர்வுக்கு ஜீரண மண்டலம் படிக்கிறவர்கள் வாயில் ஆரம்பித்து உறுப்பு உறுப்பாகக் கீழே இறங்குவார்கள். வார்டில் நோய் அந்த வரிசையில் வருவதில்லை. நான் சொல்வது, கடைசியிலிருந்து படியுங்கள். மலத்தின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு, இது எங்கிருந்து வருகிறது, என்ன டெஸ்ட் எடுப்பார்கள், நம் வேலை என்ன என்று போனால் பாதிப் பாடம் தானாகவே மனதில் நிற்கும்.

முதலில் கறுப்பு. தார் மாதிரி பளபளவென்று, பிசுபிசுவென ஒட்டிக்கொண்டு, ஒருமுறை முகர்ந்தால் மறக்கவே முடியாத நாற்றத்தோடு வந்தால் அது மெலினா. பெரும்பாலும் இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசிந்த ரத்தம் செரித்து வருகிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும், ஆனால் அந்த நாற்றம் இருக்காது, அதனால் "சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டுவிடுங்கள். ஃபில்டரில் தங்கும் காபி மண்டி போல வாந்தி எடுத்தாலும் மேலே ரத்தக்கசிவுதான். பிபி நன்றாகத்தானே இருக்கிறது என்று அசந்துவிடாதீர்கள், பொதுவாக முதலில் ஏறுவது பல்ஸ், பிபி இறங்குவது அப்புறம்தான். பல்ஸ் 100-ஐத் தாண்டி, கைகால் சில்லிட்டு வியர்த்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது. பெரிய அளவில் இரண்டு வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) போடவும், ரத்தப் பிரிவு பார்க்க சாம்பிள் எடுக்கவும் தயாராக இருங்கள்.

அடுத்து, கசிவு எங்கே என்று வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி. முன்கூட்டியே திட்டமிட்டதென்றால் 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு, பல்செட்டைக் கழற்றவேண்டும், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும். முடித்துத் திரும்பியதும் வீட்டார் பாசத்தோடு டீயை நீட்டுவார்கள், அங்கேதான் நாம் குறுக்கே நிற்கவேண்டும். ஸ்ப்ரே அடித்துத் தொண்டை மரத்திருக்கிறது, குடித்தது நுரையீரலுக்குப் போய்விடலாம். ஸ்பேட்டுலாவால் தொண்டையின் பின்புறம் லேசாகத் தொட்டு ஓங்கரிக்கிறாரா என்று பார்த்துவிட்டு, முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். வயிறு பலகை மாதிரி இறுகி, கடுமையாக வலித்தால் எங்காவது ஓட்டை விழுந்திருக்கலாம், காத்திருக்கவே வேண்டாம்.

மலம் களிமண் போல வெளுத்து, சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போய், கண் மஞ்சளாகி உடம்பெல்லாம் அரித்தால் பித்தநாளம் அடைத்திருக்கலாம், பல நேரம் கல்லால். அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள், பித்தநாளத்தில் கல் இருந்தால் ஈஆர்சிபி, அதாவது வாய்வழியாகக் குழாய் விட்டு அந்தக் கல்லை எடுப்பது. அது முடிந்தபின் வலி முதுகுக்குப் பாய்கிறதா என்று கேளுங்கள், கணைய வீக்கமாக இருக்கலாம்.

சிவப்பைப் பார்த்ததும் மூலம் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. மேலே வேகமாக ரத்தம் கொட்டினாலும் சிவப்பாகத்தான் வரும்.

ஈரல் சுருங்கியவர்களுக்கு, மலத்தை இளக்கி அம்மோனியாவை வெளியேற்றும் லாக்டுலோஸ் மருந்து கொடுக்கும்போது நிறத்தைவிட எண்ணிக்கை முக்கியம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளகலாகப் போகவேண்டும். பேதியாகிறதே என்று வீட்டார் மருந்தை நிறுத்திவிட்டால் அம்மோனியா ஏறி ஆள் குழம்பிப்போவார். இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். கை சிறகடிப்பது போல உதறினால், நேற்று எத்தனை முறை போனார் என்று கேட்டுக்கொண்டு டாக்டருக்குப் போன் போடுங்கள்.