நீரிழிவுடன் தாயகம் செல்வோர் இடுப்பளவையும் குறித்துச் செல்லுங்கள்

நீரிழிவுடன் வாழும் புலம்பெயர் தமிழர் பலர், விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போகும்போது அங்கும் ஒரு வைத்தியரிடம் உடலைக் காட்டிவிட்டு வருவதுண்டு. ஐரோப்பாவில் "எடை சற்றுக் கூட" என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒருவரைச் சென்னை வைத்தியர் "உடற்பருமன்" என்று பதிந்தால் திகைக்க வேண்டாம். இருவரும் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும்; அவர்கள் வைத்துப் பார்க்கும் எல்லைதான் வேறு.

165 சென்ரிமீற்றர் உயரமும் 69 கிலோ எடையும் உள்ள ஒருவரின் உடற்திணிவுச் சுட்டி, அதாவது பி.எம்.ஐ., ஏறத்தாழ 25.3 ஆகும். உலகப் பொது அளவுகோலில் 25 முதல் கூடுதல் எடை, 30 முதல் உடற்பருமன் என்பதால் அவர் முதற்படியில்தான் நிற்கிறார். இந்திய வைத்தியர்கள் பெரும்பாலும் 23, 25 என்ற எல்லைகளைக் கொள்வதால், அதே ஆள் அங்கே உடற்பருமன் பிரிவுக்குள் வந்துவிடுகிறார். பிரித்தானியாவின் வழிகாட்டுதலிலும் தெற்காசியருக்கு எல்லைகள் 23, 27.5 எனத் தாழ்த்தப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் சுமார் 15 இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, வெள்ளையருக்கு 30இல் வரும் நீரிழிவு அபாயம் தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது என்று காட்டியது.

காரணம் கொழுப்பு தங்கும் இடம். நம்மவர் உடலில் தசை குறைவாகவும், வயிற்றினுள் ஈரலையும் குடலையும் சுற்றிய கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதால், கைகால் மெலிந்தவருக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமற் போகிறது. ஒஸ்லோவில் துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இலங்கை, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களிடம் 2002இல் நடந்த கணக்கெடுப்பிலும், ஒரே உடற்திணிவுச் சுட்டியில் மற்றவர்களைவிட இலங்கையருக்கும் பாகிஸ்தானியருக்கும் இடுப்புக்கும் பிட்டத்துக்குமான விகிதம் அதிகமாக இருந்தது.

ஆகவே பயணத்துக்கு முன் எடையோடு இடுப்பளவையும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, உடைக்கு மேலாக அல்லாமல் தோலின் மீது, மூச்சை மெல்ல வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். நமக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் எச்சரிக்கை எல்லையாகும்.

தாயகம் என்பதும் ஒரே அளவான நிலம் அல்ல. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் நாடு முழுவதற்கும் நீரிழிவு 11.4 வீதம், கோவாவில் அது 26.4, உத்தரப்பிரதேசத்தில் 4.8. வயிற்றுப் பருமனும் கிராமங்களைவிட நகரங்களில் கூடுதல். இலங்கையைப் பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் 2005-06 ஆய்வு போர்க்காலத்தில் வடக்கையும் கிழக்கையும் சேர்க்காமல் நடந்தது என்பதால், அதை வைத்து வன்னியை அளப்பது பொருந்தாது. வயலிலும் கடலிலும் உழைத்து ஒட்டிய வயிற்றோடு இருக்கும் பெரியப்பாவுக்கும் நீரிழிவு இருக்கலாம். உங்களுக்கு வெளிநாட்டில் எழுதித் தந்த எடை குறைக்கும் ஊசியையோ மாத்திரையையோ அன்பின் பேரில் அவரிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். மெலிந்த நீரிழிவாளருக்கு அது கேடாக முடியலாம். அவரைக் குருதிப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதே செய்யத்தக்க உதவி.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, தேநீர் ஊற்றப்படும் முன்பே சீனி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோப்பை கைக்கு வந்தபின் மறுப்பது கடினம். புட்டையோ இடியப்பத்தையோ குறைத்து, மீனையும் கீரையையும் கூட்டிக் கேட்டால் எந்த மாமியும் மனம் நோக மாட்டார்.

வெளிநாட்டு அறிக்கைகளை அலகோடு கொண்டு செல்லுங்கள். பிரித்தானியாவிலும் கனடாவிலும் 7 மில்லிமோல் எனப்படும் குருதிச் சீனி, தாயகத்தில் 126 மில்லிகிராம் என எழுதப்படும். 18ஆல் பெருக்கினால் போதும். இதைவிடக் கவனம் இன்சுலினுக்கு வேண்டும். தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகள் பல, மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்டவை. நீங்கள் கொண்டுபோகும் சிரிஞ்ச் 100 அலகுக்கு உரியது. அதில் 10 என்ற கோடுவரை இழுத்தால் உடலுக்குள் போவது 4 அலகு மட்டுமே. மாறாக, 100 அலகு இன்சுலினை 40 அலகுச் சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறிச் சீனி ஆபத்தாக இறங்கிவிடும். குப்பியை வாங்கினால் அதற்குரிய சிரிஞ்சையும் அங்கேயே வாங்குங்கள். கொண்டுபோகும் இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்து பயனற்றுப் போகலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போவோர் தம் பாதங்களை நினைவில் வையுங்கள். கால் விறைப்புள்ள நீரிழிவாளருக்கு நண்பகல் மணலின் சூடு தெரியாது. கொப்புளம் வந்தபின்தான் தெரியும். அதிகாலைப் பூசைக்குப் போய், வீடு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

திரும்பி வந்த கிழமையே எடையையும் இடுப்பையும் மீண்டும் அளந்து, பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். எடை மாறாமல் இடுப்பு மட்டும் கூடியிருந்தாலும் அதை உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். தாயக வைத்தியர் மருந்தை மாற்றியிருந்தால் அந்தத் துண்டையும் கொண்டு போங்கள்.