உறுப்பு தானம்: வடசென்னை மருத்துவ உதவியாளர்கள் அறிய வேண்டிய சட்டமும் அறமும்

இராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் வட்டார மருத்துவமனைகளில், மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை நோயாளியின் குடும்பத்தார் மருத்துவ உதவியாளரிடம்தான் கேட்கிறார்கள். உறுப்பு தானம் குறித்து முடிவெடுக்கும் அதிகாரம் உதவியாளருக்கு இல்லை என்றாலும், அவர் வாய்தவறிச் சொல்லும் ஒரு சொல் குடும்பத்தின் நம்பிக்கையைக் குலைத்துவிடக்கூடும் என்பதால், சட்டத்தின் அடிப்படைகளை அவர் அறிந்திருப்பது அவசியம்.

இந்தியாவில் இதற்கென 1994ஆம் ஆண்டுச் சட்டமும், 2011ஆம் ஆண்டுத் திருத்தமும், 2014ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. இச்சட்டப்படி, மூளைத்தண்டு மீளவே முடியாதபடி செயலிழந்துபோகும் மூளைத்தண்டுச் சாவும் (மூளைச்சாவு) மரணமே. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து அதைச் சான்றளிக்க வேண்டும். இரண்டாவது சோதனை முடிந்து சான்று கையெழுத்தாகும் வரை, "இறந்துவிட்டார்" என்றோ "உறுப்பு எடுக்கப் போகிறார்கள்" என்றோ உதவியாளர் யாரிடமும் சொல்லக் கூடாது.

வென்டிலேட்டர் பொருத்திய மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பு சூடா இருக்கு, நெஞ்சு ஏறி இறங்குது, எப்படிம்மா போயிட்டான்னு சொல்றீங்க?" என்று ஒரு தாய் கேட்டால், "கோமாதான்மா" என்று ஆறுதல் சொல்லத் தோன்றும். அதைத் தவிர்த்தே ஆக வேண்டும். கோமாவில் இருப்பவர் உயிருடன் இருக்கிறார், மீளவும் கூடும். மூளைச்சாவு அடைந்தவர் மீள்வதில்லை. "டாக்டரைக் கூட்டிட்டு வரேம்மா, அவரே உங்களுக்கு விளக்கமா சொல்வார்; நீங்க உக்காருங்க" என்று கூறி, அவருக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு மருத்துவரை அழைத்து வருவதே முறை.

தானம் பற்றிக் குடும்பத்தாரிடம் கேட்கும் பொறுப்பு மருத்துவருக்கும் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளருக்கும் உரியது. குடும்பத்தார் தாமாகவே அந்தப் பேச்சை எடுத்தால், உடனே ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது உண்மையே. எனினும், தயங்கி நிற்பவர்களைச் சம்மதிக்க வைக்க அதை எடுத்துச் சொல்வது அறமாகாது. மறுக்கும் குடும்பத்துக்கும் அதே பரிவு கிடைக்க வேண்டும். சம்மதித்தவர்களிடம், உடலைப் பராமரிக்கவும் உறுப்புகளை எடுக்கவும் ஆகும் செலவை வசூலிக்க விதிகள் இடம் தரவில்லை. விபத்து வழக்குகளில் காவல்துறை நடைமுறையும் சேர்ந்துகொள்வதால், உடல் எப்போது கிடைக்கும் என்று உதவியாளர் தாமாக நேரம் குறித்துச் சொல்லாதிருப்பது நல்லது.

உயிருடன் இருப்பவர் சிறுநீரகம் தர முன்வரும்போது இன்னும் கூடுதல் விழிப்பு தேவை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், வடசென்னையின் எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் வறுமையால் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல் வெளிவந்தது. நம் பகுதியில் பணிபுரியும் எவரும் அதை மறந்துவிட முடியாது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரே சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர். மைத்துனரோ மருமகளோ அத்தை மகனோ எவ்வளவு நெருக்கமானவராயினும், இத்தகைய தானங்களை ஆராய்ந்து அனுமதி தரும் அங்கீகாரக் குழுவின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். உறுப்பு வணிகத்துக்கு 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறையும், 20 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விற்பவர், வாங்குபவர், தரகர் ஆகிய மூவரும் இதற்கு உட்பட்டவர்களே. தானம் தருபவரைத் தனியே பேசவிடாமல் வேறொருவர் கூடவே நின்று பதில் சொன்னாலோ, உறவு முறையைக் கேட்டால் பதில் மாறி மாறி வந்தாலோ, அதை அன்றே மருத்துவரிடமும் நிர்வாகத்திடமும் தெரிவிக்க வேண்டும். தானம் தர வந்தவரை நீங்களே மிரட்டி விசாரிக்க வேண்டாம். கடன்பட்டு வந்தவராகவும் இருக்கலாம்.

தானம் தந்தவர் யார், பெற்றவர் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது. வார்டில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் வெளியே சொல்வதாகவே ஆகும்.

கண் தானத்தில் மட்டும் உதவியாளரின் கை நேரடியாகப் பயன்படுகிறது. இதயம் நின்று இயற்கையாக இறந்தவரின் கருவிழியை 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும், சர்க்கரை நோயாளியும் கண் தானம் செய்யலாம். குடும்பத்தார் விரும்பினால் உடனே கண் வங்கிக்குத் தகவல் கொடுத்துவிட்டு, இமைகளை மெல்ல மூடி, ஈரப் பஞ்சை அவற்றின்மேல் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வைத்து, மரணச் சான்றிதழை எடுத்து வைத்திருங்கள்.